ஆகாயத்தை அளந்த சிசிர் குமார் மித்ரா

செயற்கைக்கோள் காட்டும் இடம் சில நேரம் ஏன் தவறிப்போகிறது? அதற்குக் காரணமான ஆகாயத்தை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த வங்காள விஞ்ஞானியின் வரலாறு.

சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் பெரிய சாலையில் இருக்கிறது சிங்கப்பெருமாள் கோவில். குன்றைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோவில் இருப்பதால் ஊருக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. இங்கிருந்து ஒரு சாலை பிரிந்து, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறது. மோட்டார் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரம் அது. இரவு பகல் பாராமல் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

லாரி இப்போது எந்த இடத்தில் வருகிறது என்பதைத் தொழிற்சாலையில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ளலாம். லாரியில் ஒரு சிறு கருவி இருக்கிறது. டிரைவரின் செல்போனிலும் அப்படி ஒன்று இருக்கிறது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் ரேடியோ அலைகளை அது வாங்கி, கணக்குப் போட்டு, நாம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது.

திறந்த வெளியில் செல்போன் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும். ஆனால் சில நாட்களில், அதிலும் பொழுது சாய்ந்த பிறகு, கணக்குத் தடுமாறுகிறது. கட்டடமும் மரமும் மறைத்தால் தடுமாறுவது உண்டு. மேலே ஒன்றும் மறைக்காத வெட்டவெளியிலும் தடுமாறினால் என்ன காரணம்?

காரணம், நம் தலைக்கு மேலே இருக்கும் ஆகாயம்!

கண்ணுக்குத் தெரியாத அந்த மேல் ஆகாயத்தை இந்தியாவில் முதன்முதலாக முறையாக அளக்கத் தொடங்கியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் சிசிர் குமார் மித்ரா. அவர் 1963-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். இடம் காட்டும் செல்போனை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் செல்போனைத் தடுமாற வைக்கும் ஆகாயத்தை அவரைப்போல் அறிந்தவர்கள் அந்தக் காலத்தில் உலகத்திலேயே சிலர்தான்.

டாக்டர் அம்மா

1890-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி மித்ரா பிறந்தார். தந்தை ஜெயகிருஷ்ண மித்ரா பள்ளிக்கூட ஆசிரியர். தாயார் சரத்குமாரி.

பெண்கள் வீட்டை விட்டு வெளியே வருவதே அரிதாக இருந்த காலம் அது. ஆனால் சரத்குமாரி கல்கத்தாவில் வைத்தியப் படிப்பு படித்தார். பிறகு பீகாரில் உள்ள பாகல்பூருக்குப் போய், பெண்களுக்கான டப்ரின் ஆஸ்பத்திரியில் டாக்டராக வேலை பார்த்தார். குடும்பமும் அங்கே குடியேறியது. தந்தைக்கு அந்த ஊர் நகரசபையில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

பிறகு துன்பம் அடுத்தடுத்து வந்தது. சிசிரின் அண்ணன்மார் இருவர் இறந்தனர். தந்தையைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. குடும்பத்தின் முழுப் பாரமும் தாயின் தோளில் விழுந்தது.

இந்த நிலையில் மகன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். தாயார் அதற்குச் சம்மதிக்கவில்லை. பாகல்பூரில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கிய மகனைக் கல்கத்தாவுக்கு அனுப்பி, மாநிலக் கல்லூரியில் சேர்த்தார். அங்கே பௌதிகம் படித்தார் சிசிர். பௌதிகம் என்பதைத்தான் இப்போது இயற்பியல் என்கிறோம். 1912-இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். பல்கலைக்கழகத்திலேயே முதல் மாணவராகத் தேறினார்.

அந்தக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் பேராசிரியராக இருந்தார். கம்பி இல்லாமல் மின் அலைகளை அனுப்ப முடியும் என்று கல்கத்தாவில் செய்து காட்டிய மேதை அவர். அவரிடம் சிறிது காலம் ஆராய்ச்சி செய்தார் மித்ரா. ஆனால் வீட்டில் பணம் தேவைப்பட்டது. ஆகவே பாகல்பூரிலும் பாங்குராவிலும் கல்லூரி ஆசிரியராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தார்.

தமிழரிடம் ஆராய்ச்சி

1916-இல் அவருடைய வாழ்க்கை திரும்பியது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புதிதாக விஞ்ஞானக் கல்லூரி ஏற்பட்டது. திறமையுள்ள இளைஞர்களைத் தேடிப் பிடித்து அங்கே சேர்த்தார் சர் அசுதோஷ் முகர்ஜி. மித்ராவுக்கும் அழைப்பு வந்தது.

அங்கே அவருக்கு ஆராய்ச்சியில் வழிகாட்டியவர் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அதே ராமன்தான். ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போதும், ஓரங்களில் வளையும்போதும் என்ன நடக்கிறது என்பதை மித்ரா ஆராய்ந்தார். 1919-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு பாரிஸ் நகருக்குக் கப்பல் ஏறினார். அங்கே 1923-இல் இன்னொரு டாக்டர் பட்டம் பெற்றார். ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையாரின் ஆராய்ச்சி நிலையத்திலும் சிறிது காலம் வேலை செய்தார்.

பிறகு நான்சி என்னும் ஊருக்குப் போனார். அங்கே ரேடியோ வால்வுகளைப் பற்றிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த மித்ராவின் மனம் மாறியது. இனி நாம் செய்ய வேண்டியது ரேடியோ ஆராய்ச்சி என்று முடிவு செய்தார்.

ஒளியில் இரண்டு டாக்டர் பட்டம் பெற்றவர், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, அதை விட்டுவிட்டுப் புதிய துறையில் இறங்குவது லேசான காரியமா? அந்தத் துறைக்கு இந்தியாவில் பாடமும் கிடையாது, பரிசோதனைச் சாலையும் கிடையாது. அங்கிருந்தே அசுதோஷ் முகர்ஜிக்குக் கடிதம் எழுதினார். ரேடியோவைப் பாடமாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். முகர்ஜி இணங்கினார். 1923-இல் நாடு திரும்பிய மித்ரா, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ரேடியோப் பரிசோதனைச் சாலையும் அங்கே எழுந்தது.

இந்தியாவுக்கு ரேடியோ புதிது. 1924-இல்தான் சென்னையில் ரேடியோ கிளப் ஒன்று தொடங்கி, ஒலிபரப்பு நடத்தியது. கல்கத்தாவில் மித்ராவின் பரிசோதனைச் சாலையிலிருந்தும் சில ஆண்டுகளுக்குள் ஒலிபரப்பு நடந்தது. பாட்டும் பேச்சும் காற்றில் வருவதை மக்கள் ஆச்சரியத்தோடு கேட்டார்கள்.

வானத்தில் ஒரு கண்ணாடி

மித்ராவின் எண்ணம் வேறு இடத்தில் இருந்தது.

1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ரேடியோச் செய்தி அனுப்பினார். ரேடியோ அலை நேர்கோட்டில் போவது. பூமியோ உருண்டை. அப்படியானால் அலை எப்படி வளைந்து மறுகரைக்குப் போனது? வானத்தில் கண்ணாடிபோல் ஏதோ ஒன்று இருந்து, அலையைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் 1902-இல் இப்படிச் சொன்னார்கள். 1924-இல் இங்கிலாந்தில் ஆப்பிள்டன் அதைப் பரிசோதனையால் நிரூபித்தார்.

அது என்ன கண்ணாடி? சூரியனிலிருந்து வரும் கடுமையான கதிர்கள் மேல் ஆகாயத்தில் உள்ள காற்றைத் தாக்குகின்றன. காற்றின் அணுக்களில் இருந்து எலெக்ட்ரான் என்னும் மின் துகள்கள் பிய்ந்து வெளியே வருகின்றன. அந்தத் துகள்கள் நிறைந்த பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். தரையிலிருந்து சுமார் 60 கிலோ மீட்டர் உயரத்தில் தொடங்கி, 1,000 கிலோ மீட்டர் வரை அது பரவியிருக்கிறது. அதில் பல அடுக்குகள் உண்டு.

கிணற்றின் ஆழத்தை எப்படிப் பார்ப்போம்? கல்லைப் போட்டுவிட்டு, சத்தம் கேட்க எவ்வளவு நேரமாகிறது என்று கவனிப்போம். விஞ்ஞானிகள் அதேபோல் ஆகாயத்தின் உயரத்தை அளந்தார்கள். ரேடியோ அலையை நேரே மேலே அனுப்புவார்கள். அது அடுக்கில் மோதித் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்ப்பார்கள். அலையின் வேகம் தெரியும். ஆகவே உயரமும் தெரிந்துவிடும்.

1930-இல் மித்ராவும் அவருடைய மாணவர்களும் கல்கத்தாவின் ஆகாயத்தை அளந்தார்கள். தரைக்கு மேல் சுமார் 100 கிலோ மீட்டர் உயரத்தில் இருக்கும் அடுக்கை இந்தியாவில் முதன்முறையாகப் பரிசோதனையால் காட்டினார்கள். அதோடு நிறுத்தவில்லை. தொடர்ந்து அளந்தார்கள். பகலில் அடுக்கு தடித்தது. இரவில் மெலிந்தது. கோடையில் ஒரு மாதிரி, குளிரில் ஒரு மாதிரி. சூரியனில் கரும்புள்ளிகள் கூடினால் துகள்களும் கூடின. ஆகாயம் ஒருநாள்போல் ஒருநாள் இல்லை!

நம் ஆகாயம் வேறு

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது.

ஐரோப்பாவின் ஆகாயத்தை அளந்து எழுதிய கணக்கை இந்தியாவுக்கு அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. நம் ஆகாயம் வேறு.

பூமி ஒரு பெரிய காந்தம். திசைகாட்டும் காந்த ஊசியை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால், பெரும்பாலான இடங்களில் அதன் ஒரு முனை தரையை நோக்கிச் சாயும். ஊசி சாயாமல் சமமாக நிற்கும் இடங்களை ஒரு கோடாக இணைக்கலாம். அதுதான் காந்த நடுக்கோடு. இந்தியாவின் தென்கோடி வழியாக அது போகிறது. திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் அதற்குப் பக்கத்தில் இருக்கின்றன.

நண்பகலில் சூரியன் உச்சியில் நிற்கும் இந்தக் கோட்டுக்கு மேலேதான் மின் துகள்கள் மிக அதிகமாக இருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அங்கே குறைவாக இருக்கின்றன! கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் தள்ளியுள்ள இடங்களில்தான் குவிந்து கிடக்கின்றன. இந்தப் புதுமையை 1946-இல் ஆப்பிள்டன் எடுத்துக் காட்டினார்.

அதே ஆண்டில் மித்ரா ஒரு விளக்கம் கொடுத்தார். நடுக்கோட்டுக்கு வெகு உயரத்தில் உண்டாகும் துகள்கள், பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கும் தெற்குமாகச் சறுக்கி இறங்குகின்றன என்றார். துகள்களை முதலில் உயரே தூக்கிவிடுவது பகலில் உண்டாகும் மின் புலம் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்துச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்தால் படம் முழுமையாகிறது. நடுவில் பீறிட்டு எழுந்து, இருபுறமும் வழியும் நீரூற்றுபோல் இருக்கிறது நம் ஆகாயம்.

அந்த ஊற்றின் வடபுற நீர் எங்கே விழுகிறது தெரியுமா? அகமதாபாத், கல்கத்தா ஆகிய நகரங்கள் இருக்கும் வட்டாரத்துக்கு மேலேதான். மித்ராவின் பரிசோதனைச் சாலைக்கு நேர் மேலேயே உலகத்தின் மிகத் தடித்த அயனி மண்டலப் பகுதிகளில் ஒன்று இருந்தது!

யாரும் அச்சிடாத புத்தகம்

பத்து ஆண்டுகளுக்கு மேல் படித்ததையும் அளந்ததையும் திரட்டி மித்ரா ஒரு பெரிய புத்தகம் எழுதினார். மேல் வளிமண்டலம் என்பது அதன் பொருள். காற்று, வெப்பம், ஓசோன், இரவு வானத்தின் மங்கிய ஒளி, அயனி மண்டலம் ஆகிய எல்லாம் ஒரே புத்தகத்தில் அடங்கின. 600 பக்கங்களுக்கு மேல் வந்தது.

இவ்வளவு பெரிய புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர்கள் தயங்கினார்கள். கடைசியில் கல்கத்தாவிலுள்ள ஆசியக் கழகம் 1947-இல் அதை வெளியிட்டது. மூன்று ஆண்டுக்குள் இரண்டாயிரம் பிரதிகள் விற்றுவிட்டன. 1952-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. ரஷ்ய மொழியிலும் அதை மொழிபெயர்த்தார்கள். ராக்கெட் விடத் தொடங்கிய நாடுகளின் விஞ்ஞானிகள் மேல் ஆகாயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்தப் புத்தகத்தைத்தான் புரட்டினார்கள்.

எல்லா முயற்சியும் அவருக்குக் கைகூடவில்லை. மின்சாரம் பாய்ச்சிய பிறகும் ஒளிரும் நைட்ரஜன் வாயுவைப் பற்றி அவர் ஒரு புதிய கொள்கை சொன்னார். பிற்காலச் சோதனைகள் அதை ஏற்கவில்லை. அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. ஆகாயத்தை அளப்பதையும் நிறுத்தவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடியும் சமயத்தில், இந்திய விஞ்ஞானிகள் குழு ஒன்று இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்தது. மித்ராவும் அதில் இருந்தார். ரேடியோத் துறையில் அங்கே எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்பதை நேரில் கண்டார். இங்கேயும் தனிப் படிப்பு வேண்டும் என்று பாடுபட்டார். 1949-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ரேடியோப் பௌதிகத்துக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் தனி நிலையம் ஏற்பட்டது. நகரத்துச் சந்தடி இல்லாத ஹரிங்காட்டா என்னும் இடத்தில், அயனி மண்டலத்தை அளக்கும் நிலையமும் 1950-களில் எழுந்தது.

1955-இல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போதும் சும்மா இருக்கவில்லை. மேற்கு வங்காளத்தின் உயர்நிலைப் பள்ளிக் கல்வி வாரியத்தை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றார். 1958-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1962-இல் பத்மபூஷண் விருதும், தேசியப் பேராசிரியர் பதவியும் கிடைத்தன.

1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி மித்ரா காலமானார்.

அதிலிருந்து சரியாக 100-வது நாள், நவம்பர் 21-ந் தேதி, திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் மேலே சென்றது. அதற்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது ஏன்? காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான். மித்ரா தரையிலிருந்தே அளந்த மேல் ஆகாயத்தை இனி ராக்கெட்டே போய்ப் பார்க்கும் காலம் பிறந்துவிட்டது. அதைக் காண அவர் இல்லை.

இடம் எப்படித் தவறுகிறது?

1957-இல் ரஷ்யா முதல் செயற்கைக்கோளை விட்டது. அதன் ரேடியோ ஒலியைத் தரையிலிருந்து கேட்டே, அது எங்கே பறக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கோள் இருக்கும் இடம் தெரிந்தால், நாம் இருக்கும் இடத்தையும் கண்டுபிடிக்கலாம் அல்லவா? இடம் காட்டும் செயற்கைக்கோள்கள் இந்த யோசனையிலிருந்துதான் பிறந்தன.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அலை புறப்பட்ட நேரத்தைக் கோள் சொல்லி அனுப்பும். அது வந்து சேர்ந்த நேரத்தைக் கருவி பார்க்கும். பயண நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். இப்படிக் குறைந்தது நான்கு கோள்களின் தூரம் தெரிந்தால், நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

அலை வினாடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. வழியில் அயனி மண்டலத்தைக் கடக்க வேண்டும். கட்டாந்தரையில் நடப்பவன் ஈர மணலில் கால் வைத்ததும் நடை தளர்வதுபோல், மின் துகள்களுக்கிடையே அலை தாமதப்படுகிறது. ஒரு வினாடியைப் பத்துக் கோடிப் பங்காகப் பிரியுங்கள். அதில் ஒரே ஒரு பங்கு தாமதமானால், தூரம் 3 மீட்டர் தவறிவிடும்!

சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில், பகல் நேரத்தில், தலைக்கு நேரே வரும் அலையிலேயே 10 மீட்டருக்கு மேல் பிழை ஏற்படும். அடிவானத்திலிருந்து சாய்ந்து வரும் அலை மண்டலத்துக்குள் நீண்ட தூரம் வருவதால், பிழை அதைப்போல் இரண்டு மூன்று பங்காகிவிடும். செல்போனில் உள்ள கணக்கு இதில் பாதியளவு பிழையைத்தான் சாதாரணமாகத் திருத்தும். உலகம் முழுவதற்கும் பொதுவாக எழுதிய சிறு கணக்கு அது. ஊற்றுபோல் பொங்கி வழியும் நம் ஆகாயத்தை அதனால் முழுவதும் பிடிக்க முடியாது.

சூரியன் மறைந்த பிறகு வேறொரு தொல்லை வருகிறது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே, மின் துகள் குறைந்த காற்று குமிழிகளாகக் கிளம்புகிறது. கொதிக்கும் கஞ்சியில் அடியிலிருந்து குமிழி எழும்புவதுபோல் அவை நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் உயருகின்றன. காந்தக் கோடுகளின் வழியே வடக்கும் தெற்கும் நீளுகின்றன. சிங்கப்பெருமாள் கோவில் இந்தக் கோட்டுக்கு வடக்கே சில நூறு கிலோ மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் குமிழிகள் இங்கேயும் எட்டும்.

இரவில் நட்சத்திரம் மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். குமிழிகள் வழியாக வரும் ரேடியோ அலையும் அப்படித்தான் மினுக்குகிறது. ஒரு கணம் வலுக்கிறது, மறுகணம் மங்குகிறது. கருவி அந்தக் கோளைத் தவறவிட்டுவிடுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் மாலை ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை இது அதிகம். லாரிக்காரருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் சென்டிமீட்டர் கணக்கில் நிலம் அளப்பவருக்கும், தரையிறங்கும் விமானத்துக்கும் இது சாதாரண விஷயம் அல்ல.

2024-ஆம் ஆண்டு மே 10, 11 தேதிகளில் சூரியனிலிருந்து பெரும் புயல் ஒன்று வந்தது. லடாக்கின் வானம்கூடச் சிவந்தது. அமெரிக்காவில் அது விதைப்புக் காலம். செயற்கைக்கோள் காட்டும் வழியில் ஓடும் டிராக்டர்கள் தடுமாறியதால், பல விவசாயிகள் வேலையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

மருந்து என்ன?

ஆகாயத்தை மாற்ற முடியாது. அளக்கத்தான் முடியும். மித்ரா காட்டிய வழியும் அதுதான்.

முதல் வழி, ஒரே கோளிலிருந்து இரண்டு விதமான அலைகளை வாங்குவது. ஒன்று அதிகம் தாமதமாகும், மற்றொன்று குறைவாகத் தாமதமாகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், ஆகாயம் செய்த பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்தியாவின் நாவிக் கோள்கள் இப்படி இரண்டு அலைவரிசைகளில் அனுப்புகின்றன. புதிய செல்போன்கள் பலவும் இரண்டு அலைவரிசைகளை வாங்குகின்றன.

இரண்டாவது வழி, ககன். வானம் என்று அதற்குப் பொருள். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ஏற்பாடு அது. திருவனந்தபுரம், பெங்களூர், கொல்கத்தா உட்பட 15 இடங்களில் தரை நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நிலையமும் எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். கோள்கள் காட்டும் கணக்கு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவுதான் பிழை. அந்தப் பிழையை ஓயாமல் கணக்கிட்டு, இந்திய ஆகாயத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, செயற்கைக்கோள் மூலம் விமானங்களுக்குத் தெரிவிக்கிறார்கள்.

இதே மாதிரி ஏற்பாடு அமெரிக்காவில் முன்பே இருந்தது. ஆனால் அங்கே ஆகாயம் ஓரளவு அமைதியானது. அவர்கள் கணக்கு நம் ஊற்றுக்குப் பொருந்தவில்லை. ஆகவே நம் விஞ்ஞானிகள் ஆகாயத்தைப் பல அடுக்காக வைத்துப் புதிய கணக்கை உண்டாக்கினார்கள். விமானம் இறங்கும்போது உயரத்தையும் காட்டி வழிநடத்த, 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் ககனுக்கு அனுமதி கிடைத்தது. காந்த நடுக்கோட்டு வட்டாரத்துக்கு என்று உலகில் முதலில் அமைந்த ஏற்பாடு இதுவே.

ஆனாலும் மாலை நேரக் குமிழிகளை முழுவதும் வெல்ல முடியவில்லை. அலையே தவறிப்போனால் எந்தக் கணக்கும் உதவாது. குமிழி எந்த நாளில் எழும், எந்த நாளில் எழாது என்று முன்கூட்டிச் சொல்ல விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இருக்கும் பூமிக் காந்த ஆராய்ச்சிக்கூடம் இந்த ஆகாயத்தைத்தான் கவனித்து வருகிறது.

நிலவின் பின்பக்கத்தில் உள்ள ஒரு பெரிய பள்ளத்துக்கு 1970-இல் மித்ராவின் பெயரைச் சூட்டினார்கள். வாழ்நாள் முழுவதும் காற்று மண்டலத்தை ஆராய்ந்தவரின் பெயர், காற்றே இல்லாத இடத்தில் நிலைத்துவிட்டது! ஆனால் அவருடைய உண்மையான ஞாபகச் சின்னம் இங்கே, நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. பிறர் எழுதிய கணக்கை நம்பிச் சும்மா இராமல், நம் ஆகாயத்தை நாமே நாள்தோறும் அளக்க வேண்டும் என்று ஒரு டாக்டர் அம்மாவின் மகன் தொடங்கிய வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.